கீரிக் கிணற்றுத் தண்ணீரும் சனூனின் காரும்

“இதெல்லாம் ஒரு தண்ணியா?”

மன்னாரில், கீரி என்கிற ஊரில், எமிலியானுஸின் வீட்டில் விடிவது இந்தக் கேள்வியோடுதான். தேத்தண்ணியை ஒரு வாய் குடிப்பார், முகத்தைச் சுளிப்பார், கேட்பார். குளித்துவிட்டு வந்தால் தலைமுடி தேங்காய்த் தும்புமாதிரி நிற்கிறதென்று கேட்பார். பருப்பு வேகவில்லையென்றாலும் கேட்பார். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருபது வருடம் வரிசையில் நின்று குடம் நிரப்பியவர் அவர். அங்கே இருந்தபோது, எங்கள் ஊர்த் தண்ணீர் தேன் என்று பக்கத்து வீட்டாருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவரும் அவரேதான். திரும்பி வந்து இரண்டு வருடமாகிறது. தேனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மனைவி ஜெயந்தினி இதற்குப் பதில் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டாள். தண்ணீர் அள்ளுகிறவள் அவள், குறை சொல்கிறவர் அவர். அப்படித்தான் அந்த வீட்டில் வேலை பிரிந்திருந்தது.

கடல் எஞ்சின் என்றால் எமிலியானுஸுக்குக் காது போதும். கரையிலிருந்தே சத்தத்தைக் கேட்டு, எது பழுது என்று சொல்லிவிடுவார். ஆனால் மீள்குடியேறிய சனத்துக்கு உதவியாக வந்த எஞ்சின்களெல்லாம் புதியவை, பழுதாகிற பாட்டைக் காணோம். வாகனம் திருத்தலாமென்றால், இவர் வள்ளக்காரன்தானே, கையில் ஒரு சேட்டிபிக்கட்டும் இல்லையே என்று ஆட்கள் வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போக ஒரு ஏஜென்சியில் பெயர் கொடுத்தார். கடவுச்சீட்டைக் கொண்டுவரச் சொல்லி ஒரு வெள்ளிக்கிழமையும் குறித்துவிட்டார்கள்.

கடவுச்சீட்டு பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரித் திறப்பைக் காணவில்லை என்று ஜெயந்தினி சொன்னாள். தேடுகிறேன் என்றும் சொன்னாள். போகாதே என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்கிற ஆள் அவள் இல்லை.

இந்த நேரத்தில்தான் சனூன் நானா காரோடு வந்தார். போரில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்து, திரும்பி வந்து முசலியில் குடியிருக்கிற முஸ்லிம், எல்லோருக்கும் நானா, அண்ணன். மீன் ஏற்றும் லொறி இரண்டு வைத்திருக்கிறார். கொழும்பில் யாரோ வெளிநாட்டுக்குப் போகிற அவசரத்தில் விற்ற சிவப்பு ஸ்போட்ஸ் காரை வாங்கிவிட்டார். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை, ஒரு மூட்டை அரிசிக்கும் இடமில்லை. வயிறு தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். முசலி றோட்டுக்கு இப்படியொரு காரை வாங்கியவரின் மண்டையைத்தான் முதலில் திருத்த வேண்டும் என்று ஜெயந்தினி நினைத்தாள். ஆனால் அந்த மனுசன் நல்ல மனுசன். கார் சூடேறிப் புகைக்கிறது, இதைச் சரியாக்கித் தந்தால் இரண்டு லொறியையும் நிரந்தரமாக உங்களிடமே விடுகிறேன் என்று எமிலியானுஸிடம் சொன்னார். லொறி இரண்டும் வந்தால் கட்டார் தேவையில்லை. அது இருவருக்கும் தெரியும்.

பூவரசுக்குக் கீழே காரை நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறியபிறகு, எமிலியானுஸ் அதைக் குளிர்விக்கிற பழைய கூலன்ற் தண்ணீரை இறக்கினார். ஜெயந்தினி மீன் கழுவுகிற பேசின் சட்டியைத்தான் கீழே வைத்தார். கேட்டு எடுக்கவில்லை. துருப்பிடித்த பச்சைத் தண்ணீர் ஒழுகியது. அது இனிக்குமாம், குடித்தால் உயிர் போகுமாம் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, வேலி ஓரமாக நின்ற கழுதையொன்று பேசினுக்குள் தலையை விட வந்தது. ஜெயந்தினி ஈர்க்குமாற்றோடு ஓடினாள். ஒரு கழுதையைத் துரத்தினால் இன்னொன்று வந்தது. மன்னாரில் கழுதைக்கா பஞ்சம்? கடைசியில் அவளே அந்த நஞ்சை மூடி போட்ட பிளாஸ்டிக் கானில் ஊற்றி அடைத்தாள். பேசின் இனிச் சமையலுக்கு உதவாது. அதற்கு ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

பிறகு அவர் கிணற்றிலிருந்து குழாயை இழுத்து றேடியேற்றருக்குள் விட்டார். கடலுக்குப் போய்வந்த எஞ்சினை பெரிய பரலில் நிரப்பிய கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி ஓடவிட்டுக் கழுவுவது கரையில் எல்லோரும் செய்கிற வேலை. அதே மாதிரி இதையும் கழுவினார். தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினார், அதில் குறை சொல்ல முடியாது. கழுவி முடித்து, புதுக் கூலன்ற்றில் பாதிக்குப் பாதி அதே கிணற்றுத் தண்ணீரைக் கலந்து ஊற்றினார்.

அந்தத் தண்ணீரையா ஊற்றுகிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

“எஞ்சினுக்கென்ன நாக்கு இருக்கோ? கடல் தண்ணியைக் குடிச்சு ஓடின எஞ்சினெல்லாம் பாத்தனான். அதுக்கு இது சர்பத்து.”

அடுப்பில் குழம்பு பொங்கியது. ஜெயந்தினி உள்ளே போய்விட்டாள்.

மூன்று கிழமை ஒரு சத்தமும் இல்லை. நாலாவது வாரம் திங்கட்கிழமை, சனூன் நானாவின் மீன் லொறி அந்தச் சிவப்புக் காரைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மன்னார்ப் பாலத்து இராணுவக் காவலரணடியில் கொதித்து நின்றுவிட்டதாம்.

“ஆமிக்காரர் நாலு பேர் வந்து தள்ளினவங்க, எமில். சிரிச்சுச் சிரிச்சுத் தள்ளினவங்க. வெட்கத்தில எனக்கு மேலெல்லாம் வேர்த்துப் போச்சு.”

சனூன் நானா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. வியாழன் பின்னேரம் வருகிறேன், சரிவராவிட்டால் காரும் லொறிகளும் வவுனியாவுக்குப் போகும், குறை நினைக்க வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஏஜென்சி குறித்த வெள்ளிக்கிழமையும் அதற்கு மறுநாள்தான்.

எமிலியானுஸ் குழாயைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே வெள்ளையும் பச்சையுமாக ஏதோ ஏடு படிந்திருந்தது, விரலால் வழித்தால் சுண்ணாம்புமாதிரி வந்தது. றேடியேற்றர் பழசு, இது இனி ஓடாது, எனக்கு வாய்த்தது இவ்வளவுதான் என்று கதிரையில் சாய்ந்தார். அன்று முழுக்க அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஜெயந்தினி கூட்டும்போது காலை மட்டும் தூக்கினார்.

செவ்வாய் காலை அவர் தேத்தண்ணியைக் குடித்தார், முகத்தைச் சுளித்தார். “இதெல்லாம் ஒரு தண்ணியா” என்றார்.

ஜெயந்தினி குசினிக்குள் போய்த் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலை எடுத்துவந்து, மிச்சத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு, அதன் வாயை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“உள்ளுக்கை பாருங்கோ. என்ன தெரியுது?”

“கேத்தில்.”

“அடியிலை என்ன ஒட்டியிருக்கு?”

அவர் பார்த்தார். வெள்ளை ஏடு. குழாய்க்குள் கண்ட அதே ஏடு.

“ரெண்டு வருசமா இந்தத் தண்ணி தண்ணியில்லை எண்டு என்ரை உயிரை எடுக்கிறீங்கள். பிறகு அதையே கொண்டுபோய்ச் சனூன் நானான்ரை காருக்குள்ளை ஊத்தினீங்கள். கேத்திலுக்கும் நாக்கில்லைத்தான்.”

கேத்திலும் காரும் ஒன்றா என்று அவர் முனகினார். கடல் எஞ்சின் தண்ணீரை உள்ளே இழுத்து உடனே வெளியே துப்பிவிடும், இதில் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும் என்று அவரே சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் செய்த பிழை தன் வாயாலேயே வந்துவிட்டது என்று விளங்கியது. ஜெயந்தினி அதைப் பிடித்து இழுக்கவில்லை. நேரம் இல்லை. கேத்திலை எதனால் கழுவுகிறாய் என்று அவர் கேட்டார். ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரி என்றாள்.

கோயில் திருநாளுக்கு அச்சாறு போட நாலு போத்தல் வினாகிரி வைத்திருந்தாள். நாலும் போயிற்று. துணியில் வடித்து, தண்ணீர் கலந்து ஊற்றி, எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, நிறுத்தி ஊறவைத்தார்கள். சூடு ஆறுமுன்னே மூடியைத் திறக்கப் போன மனுசனை அவள் கையில் தட்டி இருத்தினாள். முன்கையில் பழைய சூட்டுத் தழும்பு இருந்தும் அவருக்கு அவசரம். மத்தியானம் திறந்தபோது கஞ்சிமாதிரி வெளியே வந்தது. அந்தப் பேசினுக்கு இப்போது ஒரு வேலை கிடைத்தது. புதன்கிழமை இன்னொருமுறை. வளவு முழுக்க அச்சாறு வாசம்.

இனிப் புளிப்புப் போக அலச வேண்டும். எந்தத் தண்ணீரால்? குடிதண்ணீர் கொண்டுவருகிற பவுசர் வண்டி ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும், அடுத்தது சனிக்கிழமை. அது வெறுமனே குடிக்க மட்டும், தேத்தண்ணிக்கும் சமையலுக்கும் கிணறுதான். வீட்டில் ஒன்றரைப் பரல் இருந்தது. எமிலியானுஸ் பரலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளே மூடியைத் தூக்கி வாளியை இறக்கினாள்.

“அப்ப குடிக்கிறதுக்கு?” என்றார்.

“கிணத்துத் தண்ணி. சனிக்கிழமை வரைக்கும் நீங்கள் ஒரு கேள்வி கேக்கக்கூடாது.”

மூன்று தரம் அலசினார்கள். டவுணில் வாங்கிய, பற்றரிக்கு ஊற்றுகிற உப்பில்லாத தண்ணீரில் புதுக் கூலன்ற்றைக் கலந்து மெல்ல மெல்ல ஊற்றினார்கள். காற்றுக்குமிழ் நிற்கும்வரை அவர் குழாயைப் பிசைந்துகொண்டேயிருந்தார், அவள் குறையக் குறைய ஊற்றினாள்.

வியாழன் பின்னேரம் சனூன் நானா வந்தார். எமிலியானுஸை ஓட்டச் சொல்லிவிட்டுத் தான் பக்கத்தில் ஏறினார். பாலம் தாண்டித் திருக்கேதீஸ்வரச் சந்தி வரைக்கும் போய்த் திரும்புவது என்று பேச்சு. ஜெயந்தினி வேலிப் படலையில் நின்றாள். போய்வர அரை மணித்தியாலம் போதும். ஒன்றேகால் மணித்தியாலமாகியும் காணவில்லை. கொதித்துவிட்டது, பாலத்தில் நிற்கிறார்கள், மறுபடியும் ஆமிக்காரர் சிரித்துத் தள்ளுகிறார்கள் என்று முடிவுகட்டினாள். நாலு போத்தல் வினாகிரியை நினைத்தாள். கட்டாரை நினைத்தாள். இந்த மனுசனை நம்பி ஒரு திறப்பை ஒளித்துவைத்த தன் புத்தியையும் நினைத்தாள்.

பொழுது படும் நேரத்தில் கார் தானாகவே ஓடி வந்தது. சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. பிறகேன் சுணக்கம் என்று கேட்டால், தள்ளிவிட்ட அந்த நாலு ஆமிக்காரருக்கும் கார் ஓடுவதைக் காட்ட வேண்டுமென்று சனூன் நானா பாலத்தடியில் நாலு தரம் மேலும் கீழும் ஓட்டச் சொன்னாராம்.

“தங்கச்சி, நாளைக்கு ரெண்டு லொறியும் வரும். அதுகளுக்கும் ஒரு வினாகிரி குடுத்துப் பாருங்க” என்றார் சனூன் நானா.

வெள்ளிக்கிழமை காலை திறப்புக் கிடைத்தது. உப்புப் போத்தலுக்குள் இருந்ததாம். எப்படி அங்கே போனதென்று எமிலியானுஸ் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்தார். கடவுச்சீட்டுக்கு மேலே கிடந்த பழைய வேலைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அலுமாரிக் கதவைச் சாத்தினார். வெளியே முதலாவது லொறி ஹோன் அடித்தது.

இப்போதும் அந்தப் பூவரசுக்குக் கீழே ஏதாவதொரு வாகனம் வாயைப் பிளந்தபடி நிற்கும். கீரிப் பக்கம் போனால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கழுதைகள் நிற்கிற வேலியைத் தேடினால் வீடு தெரியும். வாகனம் சூடேறுகிறதென்றால் அவரிடம் காட்டுங்கள், வேலை தெரிந்த கைகாரர், இப்போது தண்ணீரும் பார்த்துத்தான் ஊற்றுவார். ஜெயந்தினி தேத்தண்ணி தருவாள். எமிலியானுஸ் அதைக் குடித்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்பார், காதில் விழாததுபோல இருந்துவிடுங்கள். போகும்போது ஒரு கான் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். அதை எமிலியானுஸிடம் கொடுக்க வேண்டாம், காருக்கு ஊற்றிவிடுவார். அவளிடம் கொடுங்கள்.