சுடுதண்ணி யாருடைய முறை

வெள்ளவத்தையில் என் குசினி மேசையில் சூடு ஆறவிடாத ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிற்கிறது. சிவப்புத் தகரம், தக்கை மூடி, ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. கேத்தல் இருக்கிற வீட்டில் இது எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கிடக்கட்டும் என்பேன். சீனாவில் நான் மொழி படித்த வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த அக்கா விட்டுப்போன போத்தல் அது.

அக்கா கொட்டாஞ்சேனைக்காரி, என்னைவிட ஒரு வயது மூப்பு. அந்தக் குளிர் நகரத்து விடுதியில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். ஒரு தமிழ்க் குரல் கிடைத்ததே என்று அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. அவரோ முதல் கிழமையே சட்டம் போட்டுவிட்டார்: அறைக்குள் தமிழ் கூடாது. ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குக் கதைக்கும்போது மட்டும் பரவாயில்லை. "இங்க வந்தும் நீயும் நானும் தமிழ் கதைக்கிறதெண்டா, வெள்ளவத்தையில இருந்தே படிச்சிருக்கலாமே!"

நான் வீட்டில் பெரிதாகப் புழுகிவிட்டு வந்தவள். ஆறு மாதத்தில் பத்திரிகை வாசிப்பேன், வருடம் முடியச் சீனக்காரி மாதிரியே கதைப்பேன் என்றேன். ஒரு ஞாயிறு இதைச் சொன்னபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "விசர்க் கதை கதையாத. முதல்ல கை காட்டாமல் மரக்கறி வாங்கு. பிறகு டொக்டரிட்ட எங்க நோகுதெண்டு சொல்லப் பழகு. வருசம் முடியிறதுக்குள்ள ஒரு ஆளோட சண்டை பிடிச்சு வெல்லோணும். அவ்வளவும் காணும்." சண்டையில் சொல் தேட நேரம் கிடைக்காது, அதனால் அதுதான் சரியான சோதனை என்பார்.

கொதிதண்ணீர்க் குழாய் விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்தது. அந்தக் குளிரில் படியிறங்க யாருக்கு மனம் வரும்? "இன்றைக்கு யாருடைய முறை?" என்று சீனத்தில் கேட்டுத் தினமும் மல்லுக்கட்டுவோம். தோற்றவள் இறங்க வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு கைப்பிடிச் சொல்தான். நேற்று நான், இன்றைக்கு நீ, பொய், கால் நோகிறது. அதற்குமேல் வாயடைத்துப் போவேன். அக்கா சிரித்துக்கொண்டே போத்தலை என் கையில் தருவார். வேறு எதையும் கதைக்கச் சொல் இல்லாததால் வீட்டு நினைவு, பயம், கோபம் எல்லாம் அந்தப் போத்தல் சண்டைக்குள்ளேயே போயின.

குளிர்காலத்தின் நடுவில் செய்தி வந்தது. அக்காவின் அம்மா பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் அசையாமல் களுபோவில ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பார்க்க அக்காவை விட்டால் ஆள் இல்லை. அவர் பெட்டி கட்டினார். நான் வாசலை மறித்து நின்றேன். அன்று ஞாயிறு இல்லை, வாயில் சீனம்தான் வந்தது. போகாதே என்றேன். திரும்பி வருவேன் என்றார். பொய்! வருகிறவள் ஏன் எல்லாப் புத்தகத்தையும் கட்டுகிறாய், வருடம் முடிவதற்குள் சண்டை பிடித்து வெல் என்று நீதானே சொன்னாய், நான் இங்கே யாரோடு சண்டை பிடிப்பேன், யாருக்குத் தண்ணீர் கொண்டுவருவேன் என்று கத்தினேன். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு தமிழில் சொன்னார்: "பாத்தியா? ஒரு இடத்திலயும் நிக்காமல் கதைச்சிட்டாய். நீ வெண்டிட்டாயடி." பிறகு போத்தலை எடுத்துக்கொண்டு அவரே கீழே இறங்கிப் போனார். விடியக் கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு அறையில் சட்டம் தேவைப்படவில்லை. தனிமை என்றால் அப்படியொரு தனிமை. சில நாள் என் பெயரை நானே சத்தமாகக் கூப்பிட்டுப் பார்ப்பேன். என் சீனம் கிடுகிடுவென்று வளர்ந்தது. ஆசிரியை எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார், எனக்கோ அழுகைதான் வந்தது.

பல வருடங்கள் போய்விட்டன. இப்போது கொழும்பில் ஒரு கட்டடக் கம்பனியில் சீனப் பொறியியலாளர்களுக்கு மொழிபெயர்க்கிறேன். சீமெந்து, கம்பி, லீவு என்று நாள் முழுக்க அதே கதை. சண்டையும் பிடிப்பேன், வெல்லவும் செய்வேன்.

போன மாதம் அக்காவைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர் திரும்பிச் சீனா போகவேயில்லை. அம்மா இன்னும் படுக்கையில்தான். தேத்தண்ணி தந்தார். "வேலை எப்பிடி? வீட்டில எல்லாரும் சுகமா?" "ஓம் அக்கா, சுகம்." முன்பின் தெரியாதவர்கள் போல இரண்டு பேரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அறைக்குள் இருந்து அம்மா முனகினார். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பிச் சுடுதண்ணி எடுக்கப் போனார். என் வாய் தானாகச் சீனத்தில் கேட்டது: இன்றைக்கு யாருடைய முறை?

அக்கா திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

"என்ன சொன்னனீ? எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சடி."

நாள் முழுக்க மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். "ஒண்டுமில்லை அக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். சிவப்புப் போத்தலில் ஊற்றித் தக்கையை அழுத்தி மூடினேன். இனி எந்நாளும் என் முறைதான்.