சாப்பாட்டுக்கு முன்னால் போட்ட ஊசி

வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று பயிற்சி டாக்டர்களுக்குச் சொல்லித்தரும் வேலையைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் என் தலையில் கட்டினார்கள். பேசுவதற்கெல்லாம் ஒரு வகுப்பா என்று அவர்களுக்கு இளக்காரம். கடைசி வரிசையில் ஒருவன் செல்போனைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்திருடா என்று வார்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அன்று வீட்டுக்குப் போகவிருந்த அம்மா கல்வராயன் மலைக்காரர். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்ட வந்த இடத்தில், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுந்திருந்தார். இன்னொரு தடவை அப்படி விழுந்தால் பிழைப்பது சந்தேகம்.

“இதுங்கள்லாம் சொன்னா கேக்காதுங்க மேடம்,” என்றான், அவர் காதுபடவே. “போன மாசமும் நான்தான் டிஸ்சார்ஜ் பண்ணேன். படிச்சுப் படிச்சு சொன்னேன்.”

அடேங்கப்பா, என்ன திமிர்! “அதையே இப்ப என் எதிர்ல சொல்லு,” என்றேன்.

கட்டிலருகே கூடப் போகாமல், “சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் ஊசி போடணும். புரிஞ்சுதா?” என்றான்.

“புரிஞ்சுதுங்க சார்.”

“பாத்தீங்களா மேடம்?”

‘புரிஞ்சுதா’ என்ற அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரியும். டாக்டர் கேட்டால் எவராவது புரியவில்லை என்பாரா? தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

“என்னத்தப் பாக்கறது? காலைல எழுந்ததுலேர்ந்து என்ன செய்வாங்கன்னு கேளு.”

வேண்டாவெறுப்பாகக் கேட்டான்.

“இருட்டோட எழுந்து கொட்டாய்லயே ஊசி போட்டுக்கினு, வெட்டுக்குப் போற டிராக்டர்ல ஏறிடுவேங்க.”

“சாப்பாடு?”

“அது பத்து மணிக்கு மேல கரும்புக் காட்டுக்கு வரும். நீங்க முன்னாடியே போடச் சொன்னீங்களே, ஒரு நாள்கூட வுட்டதில்லீங்க சார்.”

அவன் முகம் செத்துப்போனது. எனக்கு இரக்கமே வரவில்லை.

“யாரு சொன்னா கேக்கலயாம்? இப்ப சொல்லு,” என்றேன்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். “ஊசி போட்டா உடனே சாப்பிடணும்மா. சாப்பாடு கைக்கு வராம ஊசியத் தொடவே தொடாதீங்க.”

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் இன்னாத்துக்கு சார் வுழப்போறேன்?”