ஜாக்கியின் தடுப்பூசி நோட்டு

பிராணிகள் கிளினிக்கின் கம்பவுண்டரை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் ஊசியக்காவாகத்தான் தெரியும். பதினெட்டு வருடமாக நாய் பூனைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவள். தெருவில் அவளைக் கண்டால் நாய்கள் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொள்ளும். அவற்றைப் பிடித்து வருகிற மனிதர்கள் மணியடிக்காத போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

பதிவேட்டைப் பார்த்து, தவணை வந்தவர்களுக்குப் போன் போடுவது அவளுடைய காலை வேலை. அந்த அரைமணி நேரத்தில் அவள் கேட்காத பொய் கிடையாது. "எங்க பூனை வாசப்படி தாண்டாதுங்க, அதுக்கு எதுக்குப் பூச்சி மாத்திரை?" என்பார் ஒருவர். அந்தப் பூனை அவர் தலையணையில் செத்த எலியைக் கொண்டுவந்து வைத்ததைப் போன வாரம் அவரேதான் சொல்லிச் சிரித்தார். "நாய் வெளியூர் போயிருக்கு" என்றார் இன்னொருவர். பின்னாலிருந்து குரைத்தது யார் என்று இவள் கேட்கவில்லை. "உண்ணி மருந்துதான் போன வருஷமே ஊத்தினோமே" என்றாள் ஒரு அம்மாள், உண்ணிகளுக்கும் அது ஞாபகமிருக்கும் என்பதுபோல.

இத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள் ஒரே ஒருவரை நம்பினாள்: கூடப்பிறந்த அண்ணனை. அவர் வீட்டுக்குப் புதுக் குட்டி வந்ததும் போனில் விசாரித்தாள்.

"ஊசியெல்லாம் போட்டாச்சாண்ணே?"

"எல்லாம் பக்காவா இருக்கும்மா. நோட்டு பீரோவுல இருக்கு."

பதிவேட்டில் ஒரு டிக் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார், பின்னாலேயே அண்ணி. இரண்டு நாளாக வாந்தி, காலையிலிருந்து ரத்தமாகப் போகிறது. அந்த நாற்றம் என்ன நோய் என்பதை இவளுக்கு டாக்டர் சொல்ல வேண்டியதில்லை.

"பார்வோ வைரஸ் மாதிரி இருக்கு. ஊசி போட்ட குட்டிக்கு வராதே. நோட்டக் குடுங்க."

நோட்டில் குறையே இல்லை. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர்களும் கையெழுத்துகளும் வரிசையாக இருந்தன. பெயர், ஜாக்கி. நிறம், பழுப்பு. வயது, ஒன்பது. மேசைமேல் கிடந்ததோ மூன்று மாதக் கறுப்புக் குட்டி.

"அண்ணே, இது செத்துப்போன ஜாக்கியோட நோட்டு."

"இவனும் ஜாக்கிதானேம்மா?"

"ஊசி நாய்க்குப் போடுறதுண்ணே. பேருக்கு இல்ல."

"வீட்டுக்கு ஒரு நோட்டுன்னு நெனச்சேன். ஒன்பது வருஷம் போட்டது வீணாவா போயிடும்?"

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க தங்கச்சிய ஒரு வார்த்தை கேளுங்கன்னு சொன்னேன். அவ ஊசி விக்கிறவ, வேண்டாம்னா சொல்லுவான்னாரு இந்த மனுஷன்."

அண்ணனைக் கிழிகிழியென்று கிழிக்க வாய் துடித்தது. ஆனால் முன்னங்கால் முடியைச் சிரைத்து நரம்பு தேட வேண்டியிருந்தது. நீர் வற்றிய உடம்பில் அது அகப்படவில்லை. மூன்றாவது குத்தில்தான் டிரிப்ஸ் ஏறியது.

"பொழைச்சுக்குமா?" என்றார் அண்ணன்.

"தெரியாதுண்ணே."

கோபத்தை முழுதாக அவர்மேல் கொட்டவும் முடியவில்லை. ஊரார் நோட்டையெல்லாம் வாங்கிப் புரட்டுகிறவள், அண்ணனிடம் கேட்க மட்டும் கூச்சப்பட்டிருந்தாள். அந்த எரிச்சலில், குட்டியைக் கிடத்தியிருந்த தனியறைத் தரையைப் பிளீச்சிங் கரைசலால் ஒரு நாளைக்கு நான்கு தடவை துடைத்தாள்.

ஐந்தாம் நாள் குட்டி தானாக எழுந்து, அவள் விரலிலிருந்த கஞ்சியை நக்கியது. பிறகு விரலைக் கடித்தது. "தப்பிச்சுட்டான்" என்றார் டாக்டர்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கை கீழே இறங்குவதற்குள் கேட்டார்: "நோயே வந்து போயிடுச்சு. இனிமே ஊசி தேவைப்படாதுல்ல?"

"வந்தது ஒண்ணுதாண்ணே. மத்த நோயெல்லாம் பாக்கியிருக்கு. வெறிநோய் வந்தா, நாயும் மிஞ்சாது, கடிபட்டவங்களும் மிஞ்ச மாட்டாங்க."

"இல்லம்மா, உடம்பு தேறட்டும், நானே பாத்து..."

ஊசியக்கா பதிவேட்டைத் திறந்து அண்ணனின் போன் எண்ணைக் கோடு போட்டு அடித்தாள். "அண்ணி, உங்க நம்பரைச் சொல்லுங்க."

அண்ணி சொன்னாள்.