மழை வந்தால் காற்று தெரியாது

குரங்கணிக்குப் போகிற வழியில், மலையடியில், வானத்துக் காற்றை அளக்கிற ரேடார் ஒன்று வைத்திருந்தார்கள். நான் அதற்குக் காவல். வேலிக்குள் வானத்தைப் பார்த்தபடி தட்டையான பலகைகள், பக்கத்தில் ஒரு அறை, அறைக்குள் திரை. அது மேலே எதையோ அனுப்பும். திரும்பி வருவதைக் கேட்கும். சத்தமே இருக்காது. எந்த உயரத்தில் எவ்வளவு காற்று என்று திரையில் அம்புகள் வரும்.

என் தங்கச்சி மாப்பிள்ளை மேலே ஏலத்தோட்டத்தில் மரம் ஏறுகிறவர். பருவமழைக்கு முன்னால் நிழல் மரங்களில் கிளை கழிக்க வேண்டும். உச்சியில் நிற்கும்போது காற்று தூக்கினால் ஆள் மிஞ்சாது. அதனால் எனக்குப் போன் போடுவார்.

"மச்சான், ஒங்க பொட்டி என்ன சொல்லுது?"

அம்பு சின்னதாக இருந்தால் ஏறுவார்.

திரையின் ஓரத்தில் ஒரு பட்டை உண்டு. காற்று மேலே போனால் சிவப்பு, கீழே வந்தால் நீலம். சில நாள் முழுக்க நீலமாகிவிடும். வானத்திலிருந்து காற்று அருவி மாதிரி விழுகிறது என்று நினைத்துக்கொள்வேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் கூடவே மெல்ல இறங்குவது போல இருக்கும். மாப்பிள்ளையிடம் சொன்னால், "கீழ விழுகுற காத்து ஆளத் தூக்காது. அமுக்கித்தான் புடிக்கும்" என்று ஏறிவிடுவார்.

அன்றைக்கு மத்தியானம் எங்களுக்கு வெயில். மலைமேல் மட்டும் மழை இறங்கிக்கொண்டிருந்தது. பட்டை நீலம். ரேடாரைப் பார்க்க வந்த இன்ஜினியர் பெண் அறையில் இருந்தாள். போன் வந்தது. மாப்பிள்ளை பாதி மரத்தில் நின்றார்.

"உச்சிக்குப் போகவா மச்சான்?"

"அம்பு சின்னது. காத்து கீழதான் விழுகுது மாப்ளே."

அந்தப் பெண் திரும்பினாள். "அண்ணே, அது காத்து இல்ல. மழைத்துளி விழுகுறது."

"காத்துன்னுதான போட்டிருக்கு?"

"காத்துலேர்ந்து வர்ற எதிரொலி ரொம்ப மெல்லிசு. மழை வந்தா துளியோட எதிரொலி அத மூடிரும். இது மேல நாலு பக்கமும் சாஞ்சு பாக்கும். அதுல அந்தப் பக்கம் பெஞ்சு இந்தப் பக்கம் பெய்யலன்னா அம்பும் தப்பாத்தான் வரும்."

"அப்ப காத்து எங்க போச்சு?"

"உள்ளதான் இருக்கு. எவ்வளவுன்னு இப்ப இதுக்குத் தெரியாது."

போனை மறுபடி காதில் வைத்தேன். "மாப்ளே, எறங்கு. பொட்டிக்குத் தெரியலயாம்."

"இத்தன நாளா தெரிஞ்சுச்சு?"

"மழையத்தான் காத்துன்னு சொல்லிருக்கு."

"நல்ல பொட்டி. அதுக்கு ஒரு காவல் வேற. மரம் ஆடுது மச்சான்."

"பேசாம எறங்கு."

போனை அணைக்கவில்லை. ஏல இலைகளில் மழை கொட்டுவது காதுக்குள் கேட்டது. மரப்பட்டையில் கால் உரசுகிற சத்தம். அது நின்றது. மறுபடி உரசியது. என் முன்னால் வெயிலில் போடி ஊர் மினுங்கியது. திரையில் நீலம் இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் எங்கோ காற்று இருந்தது. அதன் நடுவில் அவர் இருந்தார்.

"தரையில நிக்கேன்" என்றார். "மடியில வச்ச வெத்தல பூரா நனஞ்சு போச்சு."

அதற்கப்புறம்தான் போனைக் கீழே வைத்தேன்.