மருந்து போடாத குண்டு

முதலில் துப்பாக்கிக் குழலின் வாயை மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வந்த ஆளுக்கு ஒரு ‘வாப்பா’. துருவா, பழைய எண்ணெயா, கழுவாமல் விட்ட கருமருந்தா என்று மூக்கே சொல்லிவிடும். “போன சனிக்கிழம சுட்டுட்டு, வெந்நி ஊத்திக் கழுவாம பேஸ்பால் பாக்க ஒக்காந்துட்ட” என்பார் டெல்மர் ஸ்டாம்பர். வந்தவர் தலையைச் சொறிவார்.

அமெரிக்காவில், கிழக்குக் கென்டக்கியில் முப்பது வருடம் சாலை போடும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் அவருடைய பதினொரு நீளத் துப்பாக்கிகள். வாய்வழியே மருந்தை அளந்து கொட்டி, எச்சிலில் நனைத்த துணியில் ஈயக்குண்டைப் பொதிந்து, கோலால் இடித்து இறக்குகிற ரகம். தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிகளுக்கு அவர் வைத்த பெயர் தையல் மெஷின். உடைந்த கட்டையை ஒட்டுவார், தேய்ந்த விசையைத் தீட்டுவார், மூன்று திருகாணிக்காக மூன்று மாவட்டம் அலைவார். காசு வாங்க மாட்டார். சோள ரொட்டி கொண்டுவந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். “இது எழுபதுல செஞ்சது” என்று அவர் சொன்னால் ஆயிரத்து எழுநூற்று எழுபது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று இரண்டு கண்ணாடி. நெற்றியில் இருப்பதைத்தான் அடிக்கடி தேடுவார்.

இந்த ரகத் துப்பாக்கி சுடுகிறவர்கள் கூட்டத்தில் ஒரு மானக்கேடு உண்டு. மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்கிவிடுவது. விசையை இழுத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே யாராவது ஓடிப்போய், சுடும் திடலில் தொங்குகிற மாட்டுமணியை ஆட்டுவார்கள். அன்று முழுக்கக் கேலி. குண்டைப் போட்டவர்தான் தன் கையால் பிடுங்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. நாற்பத்தோரு வருடத்தில் அந்த மணி டெல்மருக்காக ஒருமுறைகூட ஒலித்ததில்லை. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

போன மாதம் அவருடைய சிநேகிதர் ஆர்லிஸ், துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கோழிக்கூண்டுப் பக்கமாகப் பதுங்கி வந்தார்.

“வீட்டுத் தோட்டத்துல சும்மா சுட்டுப் பாத்தேன். யாரும் பாக்கல. நீ புடுங்கிக் குடுத்துரு டெல்மர்.”

“திருகு நான் தர்றேன். இழுக்கறது நீ.”

“முட்டி வலிக்குதுப்பா.”

“குண்டை எறக்கறப்ப வலிக்கலயா?”

கோலின் நுனியில் மாட்டுகிற அந்த எஃகுத் திருகு, ஈயத்துக்குள் பல்லைப் பதித்துக்கொண்டு குண்டை வெளியே இழுத்து வரும். ஆர்லிஸ் இழுத்து முடித்து வியர்வையைத் துடைத்தபோது, அவர் கண் சுவரின் மேல் பக்கம் போனது. “அது இன்னும் அப்படியே இருக்கா?” என்றார். டெல்மர் திருகைத் துடைக்க ஆரம்பித்தார்.

மான்கொம்பில் தனியாகக் கிடக்கும் அந்தப் பன்னிரண்டாவது துப்பாக்கி மகள் ட்வைலாவுடையது. அவளுக்குப் பதினைந்து வயதானபோது, வரிவரியாக மின்னும் மேப்பிள் கட்டையை அவள் தோளுக்கு அளந்து இழைத்துச் செய்தது. அதன் குழலுக்குள் பதினொரு வருடமாக ஒரு குண்டு இருக்கிறது. மருந்து போடாத குண்டு.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அன்று திடலில் அவள் நீலக்கோடு போட்ட துணியின் நுனியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தாள். மருந்தும் குண்டும் கெட்டிக்கிறவரிடம் பேசினால் கவனம் தப்பும், பேசக் கூடாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். டெல்மர் பேசினார். காதலனோடு நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஆரிகனுக்குப் போகிறேன் என்று அவள் முந்தின நாள் சொன்னது அவருக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. “போனா போனதுதான். இங்க உனக்குன்னு எதையும் எடுத்து வெக்க மாட்டேன்” என்றார். அவள் குண்டை இறக்கினாள். ‘டிக்’ என்றது. மணி அடித்தார்கள், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “காலைல புடுங்கிக்கறேன்” என்று சொல்லித் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தவள், விடிவதற்குள் போய்விட்டாள்.

அவள்தான் பிடுங்க வேண்டும். அதற்காகவாவது ஒருநாள் வந்துதானே ஆக வேண்டும் என்று அவர் எண்ணெய் விட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். எச்சில் துணி உள்ளே துருவை வளர்க்கும் என்பது அவருக்குத் தெரியாததா? கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போனில் இரண்டு நிமிடம். மனைவி ஜுனெல் மட்டும் இரண்டு முறை போய் வந்தாள். “கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போறது?” என்று இவர் கொட்டகைக்குள் நுழைந்துகொண்டார்.

இந்த வசந்தத்தில் ட்வைலா போனில் பேசினாள். “அப்பா, வீடு வாங்கிட்டோம். என் துப்பாக்கிய அனுப்பி வையேன், சுவத்துல மாட்டணும்.”

“உள்ள உன் குண்டு இருக்கு.”

“அய்யோ, அது இன்னுமா? நீயே புடுங்கிரு. நான் எப்ப வந்து...” என்று இழுத்தாள்.

விசையில் சின்ன வேலை இருக்கிறது என்று ஆறு வாரம் பொய் சொன்னார். குண்டு போய்விட்டால் அவள் வருவதற்கு இங்கே என்ன இருக்கிறது? அவருக்கு மகளைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

“விசையில என்ன வேலைன்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்” என்றாள் ஜுனெல், பீன்ஸ் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தபடி. “அந்த ஆர்லிஸ் முட்டி வலியோட புடுங்கினான். உனக்கு எங்க வலிக்குது?”

மறுநாள் காலை துப்பாக்கியைப் பட்டறைப் பிடியில் இறுக்கினார். அடுத்தவர் குண்டில் அவர் கைவைப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் தப்பு செய்தவர் பிடுங்க வேண்டும் என்பதுதான் விதி என்றால், அதை மீறியதாக அவருக்குத் தோன்றவில்லை. திருகு ஈயத்தில் பதிந்தது. காலை முட்டுக் கொடுத்து இழுத்தார். வெளியே வந்த குண்டின் மேல் பழுப்பேறிய துணி ஒட்டியிருந்தது. அதன் நீலக்கோடு இன்னும் தெரிந்தது. பிரித்துப் பார்த்து, கைக்குட்டையில் மடித்து வைத்தார். குண்டு இருந்த இடத்தில் மோதிரம் போலத் துரு. அதைத் தேய்த்தெடுக்க எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் ரேடியோ போடவில்லை.

பெட்டி தயாரானது. ஜுனெல் காகிதம் கசக்கி நிரப்பிக்கொண்டிருக்கும்போது டெல்மர் துப்பாக்கியைத் திரும்ப எடுத்தார். கருமருந்து நிரப்பிய மாட்டுக்கொம்பு கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அதைத் தொடவில்லை. அதே நீலக்கோட்டுத் துணியில் மீதமிருந்த துண்டின் நுனியை வாயில் வைத்து நனைத்தார். குழல்வாயில் விரித்தார். ஒரு குண்டை அதன்மேல் வைத்துக் கத்தியால் துணியை அறுத்து, அடிவரை இடித்து இறக்கினார்.

“மருந்து?” என்றாள் ஜுனெல்.

அவர் ஒரு சீட்டு எழுதி விசையில் கட்டினார். ‘குண்டு இருக்கு, மருந்து இல்ல. போட மறந்துட்டேன். நீ தொடாத. அப்பா.’ ஜுனெல் அதை வாசித்துவிட்டுத் துப்பாக்கியைப் பெட்டிக்குள் இறக்கினாள். டெல்மர் பெட்டியை மூடினார். மேஜைமேல் கிடந்த எஃகுத் திருகை எடுத்துத் துடைத்து, வெளியூருக்கு மட்டும் போடுகிற கோட்டின் உள்பையில் போட்டு, பொத்தானை மாட்டினார்.