ராணியின் முதுகை வருடிய கை

கீழ் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தலைமை எழுத்தராக இருந்தேன். பட்டம் பெற்றவன்; பேய்க் கதைகளுக்குச் செவி கொடுத்தவனல்லன். மிரண்ட நாய்களைத் தடவியே அமைதிப்படுத்துவேன் என்பதும் ஊரறிந்தது.

இலங்கையிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறிய காலம் அது. அவர்களில் ஒருவரான காவல்காரர் முத்தையா இறந்தபின், மூடுபனி இறங்கும்போதெல்லாம் அவருடைய நாய் ராணி நடுங்கி ஊளையிட்டது. ஒருநாள், அன்று மாலையும் ஊளையிட்டால் சுட்டுவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

“கடிச்சா இங்கிலீசுல அதட்டுங்க, கிளாக்கரையா,” என்றாள் முத்தையாவின் மனைவி செல்லம்மா. சிரிக்க முயன்றாள்; கண்கள் கலங்கியிருந்தன.

அவள் வீட்டு வாசலில் அமர்ந்து, ராணியின் காதுகளை அடியிலிருந்து நுனிவரை மெல்ல நீவினேன். பின்னர் முதுகை உள்ளங்கையால் வருடினேன். பனி எங்களை மூடியது. ராணி ஊளையிடவில்லை, நடுக்கமும் அடங்கியது. கையை எடுத்தேன்.

அதன் பிறகும் முதுகு மயிர், கை பட்டதுபோல், கழுத்திலிருந்து வால்வரை மெதுவாக அமுங்கி எழுந்தது. மீண்டும் கழுத்திலிருந்து அமுங்கியது.

“நீங்க கைய எடுத்துட்டீங்களே,” என்றாள் செல்லம்மா, தணிந்த குரலில். “பொறகு தடவுறது ஆரு?”

ராணி உறங்கிவிட்டது. அதை யாரும் சுடவில்லை.

காற்றுதான் காரணமென்று நான் விளக்கம் சொன்னதாக இன்றும் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அன்று காற்றே இல்லை.