பெராகாய் சிரித்த குன்று

கெண்டாவாங்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அவன் நல்லவன். அதனால் கோபம் இன்னும் அதிகம். ஊர் முழுக்க ஒரே கூரையடியில் வாழும் எங்கள் நீளவீட்டில் அவன் குடும்பத்தின் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அவன் குறட்டை, அவன் மனைவி லுன்சாவின் ஏச்சு, மகள் ரீனாவின் பாட்டு, கருவாடு பொரியும் சத்தம் எல்லாம் எனக்கும் சேர்த்துத்தான்.

அவன் வேலை பறவை கேட்பது, அதாவது பறவைக் குரலில் சகுனம் பார்ப்பது. நெல் விதைக்க நிலம் திருத்துவதற்கு முன், வீடு கட்டுவதற்கு முன், விடியலில் போய்க் காட்டோரம் உட்காருவான். வயிறு சிவந்த பெராகாய்ப் பறவை வலப்பக்கமிருந்து சிரிப்பதுபோல் கூவினால் காரியத்தைத் தொடங்கலாம். தப்பான பறவை தப்பான பக்கம் கத்தினால் பேசாமல் வீடு திரும்ப வேண்டும். அவன் கேட்டுச் சொல்லாமல் எங்களில் யாரும் கத்தியை எடுத்ததில்லை. மற்ற நேரத்தில் மிளகு பறிப்பான், மீன் பிடிப்பான், சேவல் சண்டையில் தோற்றுவிட்டு வந்து பெண்டாட்டியிடம் பொய் சொல்வான்.

மரக் கம்பெனிக்காரர்கள் ஆற்றின் எதிர்க்கரைக் காட்டை மொட்டையடித்து முடித்தார்கள். ஆறு செம்மண் குழம்பாக ஓடியது. அடுத்து அவர்கள் கண் எங்கள் குன்றின் மேல் விழுந்தது. வீட்டுத் தலைவன் உங்காட்டுக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் பறவை ஒப்பினால்தான் குன்றைக் கொடுப்பது என்று எல்லாரும் சொல்லிவிட்டோம். கெண்டாவாங் போனான். பொதுக் கூடத்துக்குத் திரும்பி வந்தபோது முகம் பூரித்துக் கிடந்தது.

“அடேயப்பா, என் ஆயுசுல இப்படிக் கேட்டதில்ல! மரத்துக்கு மரம் பெராகாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிரிப்புதான்!”

லுன்சா மீன் அரிந்துகொண்டிருந்தாள். “ரீனாவோட அப்பா, எதிர்க்கரையில வெட்டுனாங்களே, அங்க இருந்ததெல்லாம் எங்க போகும்? மேலாத்து வீடு எரிஞ்சப்போ அத்தனை சனமும் நம்ம கூடத்துல வந்து படுத்துச்சே, அது என்ன திருவிழாவா?”

“பொம்பளை பறவை கேக்க ஆரம்பிச்சுட்டாளாம்! இனிமே சேவல் முட்டை போடும்” என்றான் உங்காட்.

கூடமே சிரித்தது. கெண்டாவாங்கும் சேர்ந்து சிரித்தான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குன்று போனது. ஊற்றைச் சுற்றி ஒரு துண்டுக் காடு மட்டும் மிச்சம். கொஞ்ச நாள் பறவைகளெல்லாம் அதற்குள் அடைந்துகொண்டு, கூட்டுக்கும் இரைக்கும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. பிறகு துரத்தவும் ஒன்றும் இல்லை. காட்டின் இருட்டில் மட்டும் பிழைக்கத் தெரிந்தவை அந்த மொட்டை வெயிலைத் தாண்டி எங்கே போகும்? இருந்த இடத்திலேயே மாய்ந்தன.

அடுத்த விதைப்புக்கு முன் கெண்டாவாங் விடியல் விடியலாகப் போய் உட்கார்ந்து, ஒன்றும் காதில் விழாமல் திரும்பினான்; விதைப்பும் தொடங்கவில்லை. புதரில் கொண்டைக்குருவிகள் மட்டும் கலகலத்தன. அவை எங்கும் இருக்கும். அவற்றிடம் நாங்கள் எதுவும் கேட்பதில்லை. அவன் சோற்றைத் தொடவில்லை என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது.

“நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்” என்றான்.

“இப்பச் சொல்லி என்ன? அந்த மிச்சத்தையாவது குடுத்துடாத” என்றாள் லுன்சா.

மிச்சத்துக்கும் கம்பெனி வந்தது, வெட்கமில்லாமல். கூடத்தில் அரிசிக் கள் ஜாடி, பக்கத்தில் மடிப்புக் கலையாத சட்டையில் கம்பெனி ஆள். உங்காட் தன் கைப்பேசியைக் கெண்டாவாங்குக்கு வலப்பக்கம் ஜன்னலில் வைத்து எதையோ அழுத்தினான். பெராகாய் சிரித்தது. யாரோ எங்கோ பதிவு செய்த சிரிப்பு.

“அதே குரல்தான? வலப்பக்கம்தான? சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போப்பா, நெல்லும் விதைக்கலாம்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. உங்காட்டின் மூஞ்சியில் துப்பாத குறை.

அப்போது ஊற்றுக் காட்டிலிருந்து பதில் வந்தது. நிஜமான பெராகாய். கடைசியாக மிஞ்சிய ஒற்றை ஆண்; இத்தனை நாள் கூப்பிடத் துணையில்லாமல் வாயடைத்துக் கிடந்திருக்கும். வந்து ஜன்னலோர ரம்புத்தான் மரத்தில் உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்த்து விடாமல் கூப்பிட்டது.

“பாத்தியா! நிஜமே வந்து சொல்லிடுச்சு!” உங்காட் துள்ளினான்.

“அட மடையா, அது சோடி தேடி வந்திருக்கு. உன் போன்கிட்ட” என்றாள் லுன்சா.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கெண்டாவாங் எழுந்தான். கைப்பேசியை எடுத்துக் கள் ஜாடிக்குள் போட்டான். கம்பெனி ஆளிடம் திரும்பினான்.

“அன்னிக்கு அதுங்க பொய் சொல்லல. வீடு போச்சுன்னு கதறுச்சுங்க, நான்தான் சிரிக்குதுன்னு வந்து சொன்னேன். இன்னிக்கு எனக்குச் சரியாக் கேக்குது. அந்தக் காட்டுல எவனாவது கத்தி வெச்சா, மொதல்ல என்னை வெட்டிட்டு வெய்யி.”

உங்காட் ஜாடிக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். லுன்சா எழுந்துபோய்ப் புருஷன் பக்கத்தில் நின்றாள். நானும் போய் நின்றேன். பிறகு கூடம் முழுக்க எழுந்தது. கம்பெனி ஆள் படகேறினான்.

ஊற்றுக் காடு இன்றும் நிற்கிறது. அந்தப் பெராகாய் அன்று பொழுது சாயும்வரை ரம்புத்தான் மரத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பதிலுக்கு ஒன்றும் வரவில்லை.